மீண்டும் களம் புகுந்த கால்

எங்கள் ஊரின் பெயரைச் சொன்னதும் இலக்கணம் பயிலும் மாணவர்கள் புன்னகை செய்வதுண்டு. 'மீமிசை' என்பதை ஒருபொருட்பன்மொழிக்கு எடுத்துக்காட்டாகப் படித்தவர்கள் அல்லவா? "ஐயா, மீமிசல் என்றால் மேலுக்கும் மேலே இருக்கும் ஊரா?" என்று ஒரு மாணவர் கேட்டார். மேலும் இல்லை, மிசையும் இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்கோடியில், ஆவுடையார்கோவில் வட்டத்தில், கடல்மட்டத்தோடு கடல்மட்டமாகப் படுத்துக் கிடக்கும் ஊர் அது. வடக்கே கோட்டைப்பட்டினம், தெற்கே தொண்டி, நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலை. பாக் நீரிணையின் கடலுக்கு அலை குறைவு. அது சேறு கலந்த அமைதிக் கடல். அந்த அமைதியையெல்லாம் ஈடுசெய்வதுபோல அஸர் தொழுகை முடிந்ததும் பொட்டலில் எழும் இளைஞர்களின் ஆரவாரம். அந்த ஆரவாரத்தின் பெயர் கால்பந்து.

கிரிக்கெட் ஆட்டம் நாடு முழுவதையும் ஆட்கொண்டுவிட்ட பிறகும் எங்கள் கடற்கரை ஊர்கள் சில கால்பந்தைக் கைவிடவில்லை. கோடை விடுமுறை வந்தால் போதும். ஊருக்கு ஊர் தொடர்போட்டி நடக்கும். சீமைக் கருவேலை வெட்டி அப்புறப்படுத்தி, சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, மூங்கில் நட்டு விளக்குக் கட்டிவிடுவார்கள். வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வந்தவர்கள் கோப்பைக்குப் பணம் கொடுப்பார்கள். பெரியவர்கள் நாற்காலியில் அமர்ந்தும், சிறுவர்கள் மதில்மேல் ஏறியும் பார்ப்பார்கள். ஆடுகிறவர்கள் பதினொருவர்; ஆட்டத்தை அறிந்தவர்கள் என்று தம்மைக் கருதிக்கொள்பவர்கள் ஆயிரம்பேர். அந்த ஆயிரவரில் அடியேனும் ஒருவன். ஐயம் கொள்வது எவ்வளவு எளிது என்பதையும், அந்த ஐயத்தைத் திரும்பப் பெறுவது எவ்வளவு கடினம் என்பதையும் அந்தப் பொட்டலில்தான் கற்றேன். அக்கதையைத்தான் இம்மலரில் எழுதத் துணிந்தேன்.

என் மூத்த சகோதரியின் மகன் எங்கள் ஊர் அணியின் நடுக்கள ஆட்டக்காரன். பந்தைக் காலில் ஒட்டிவைத்துக்கொண்டு நான்கு பேரைத் தாண்டிச் செல்லும் ஆற்றல் அவனுக்கு இளமையிலேயே வாய்த்திருந்தது. பத்தொன்பது வயதில் அவன் பெயர் பக்கத்து ஊர்களிலும் பரவியது. 'இவர் யார் தெரியுமா? அவனுடைய மாமா' என்று என்னை அறிமுகப்படுத்தத் தொடங்கினார்கள். இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து எனக்குக் கிடைக்காத அறிமுகம் மருமகனின் கால்களால் கிடைத்தது. அதில் எனக்குப் பெருமை இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

2022ஆம் ஆண்டு மே மாதம் ஒரு மாலை ஆட்டத்தில், எவரும் அவனை இடிக்காத நேரத்தில், அவன் சட்டென்று திரும்பினான். பாதம் தரையில் பதிந்திருக்க, உடல் மட்டும் திரும்பியது. முழங்காலுக்குள்ளிருந்து 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டதாகப் பின்னால் அவன் சொன்னான். எங்கள் காதில் அது விழவில்லை. அவன் விழுந்ததைத்தான் கண்டோம்.

சுளுக்கு என்றார்கள் ஊரார். எண்ணெய் தடவிக் கட்டுக் கட்டினார்கள். இரண்டு மாதங்கள் அவ்வாறே சென்றன. வீக்கம் வற்றியது, வலி போயிற்று, ஆனால் படியிறங்கும்போது முழங்கால் தன்னிச்சையாக வழுகி மடங்கியது. மதுரைக்கு அழைத்துச் சென்று எம்.ஆர்.ஐ. எடுத்த பின்னரே உண்மை தெரிந்தது. ஆட்டக்காரர்கள் 'ஏ.சி.எல்.' என்று மூன்று எழுத்துகளில் அஞ்சும் பிணைப்பு நார் அறுந்திருந்தது. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலின் நடுவில் குறுக்காகப் பிணைக்கும் நார் அது. விரலளவுகூட நீளமில்லாத அந்த நார்தான் கீழ்க்கால் முன்னோக்கி நழுவாமல் தடுத்து நிறுத்துகிறது. நேராக நடப்பவனுக்கு அதன் அருமை அவ்வளவாகத் தெரியாது. ஓடும்போது நிற்பவனுக்கும் திரும்புபவனுக்கும் அதுவே உயிர்.

முறிந்த எலும்பு கூடும். அறுந்த இந்த நார் பெரும்பாலும் தானாகக் கூடுவதில்லை. ஆகவே தொடையின் பின்புறத் தசைநாணிலிருந்தோ, முழங்காற் சில்லின் கீழுள்ள நாணிலிருந்தோ ஒரு பகுதியை எடுத்து, எலும்பில் துளையிட்டு, அறுந்த நாரின் இடத்தில் பொருத்துகிறார்கள். அவனுக்கு ஆகஸ்டு மாதத்தில் அந்த அறுவை நடந்தது. என் சகோதரியின் கழுத்துச் சங்கிலி அடகுக்குச் சென்றது.

அறுவை செய்த மருத்துவர் அன்று சொன்ன ஒரு செய்தி என்னை வியப்பில் ஆழ்த்தியது. பொருத்தப்பட்ட நாண் நாளுக்கு நாள் வலுப்பெற்றுக்கொண்டே போவதில்லையாம். முதற்சில வாரங்களுக்குப் பிறகு அது தன் பழைய வலிமையை இழக்கிறது. புதிய இரத்தக்குழாய்கள் அதனுள் வளர்ந்து, புதிய இடத்திற்கேற்ப அது தன்னை மாற்றிக்கொண்ட பின்னரே மெல்ல மெல்ல உறுதி பெறுகிறது. வலி நீங்கி, நொண்டல் நீங்கி, பார்ப்பவர்கள் 'இவனுக்கென்ன, நன்றாகத்தானே நடக்கிறான்' என்று சொல்லும் அந்த நாள்களில்தான் உள்ளே அது மிகவும் நலிந்திருக்கிறது. ஒன்பது மாதங்களுக்கு முன்னர்க் களமிறங்குபவர்களுக்கு நார் மீண்டும் அறும் அபாயம் மிகுதி என்றும், மாதக்கணக்கை மட்டும் நம்பாமல் காலின் வலிமையை அளந்து பார்த்தே ஆட அனுப்ப வேண்டும் என்றும் அவர் எச்சரித்தார். தலையசைத்துவிட்டு வந்தோம். மாதக்கணக்கை நினைவில் வைத்தோம், அளவையை மறந்தோம்.

2023ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒன்பது மாதங்கள் நிறைந்தன. கோடைப்போட்டி தொடங்கியது. தேநீர்க் கடையில் அவனைக் கண்டவர்களெல்லாம், "எப்போது இறங்குகிறாய்? நீ இல்லாமல் அணி அணியாகவா இருக்கிறது?" என்று கேட்டார்கள். அது அன்பின் குரல்தான். ஆனால் அன்பும் சில வேளைகளில் முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது. நானும், "இறங்கு, இன்ஷா அல்லாஹ் எல்லாம் சரியாகும்" என்றேன். அவன் இறங்கினான்.

அந்த ஆட்டத்தை நினைத்தால் இன்றும் எனக்கு நாணமாக இருக்கிறது. அவனை எண்ணி நாணவில்லை, எங்களை எண்ணித்தான். பந்து வரும்போது அவன் அரையடி பின்வாங்கினான். எதிரணியினர் நெருங்கினால் பந்தை அவசரமாகத் தட்டிவிட்டான். வலப்பக்கமாகத் திரும்ப வேண்டிய இடங்களில் எல்லாம் நின்றான். முதற்பாதியின் முடிவில் அவனை வெளியே அழைத்துக்கொண்டார்கள். "பயந்துவிட்டான்" என்றது ஒரு குரல். "கால் போயிற்று" என்றது மற்றொரு குரல். முதல் வாரம் 'நீ இல்லாமல் அணியா' என்று கேட்ட அதே வாய்கள்தாம் அவை. ஒருவர் அவனுடைய நடையைப் போலவே நடந்து காட்டினார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்காதவர்களுள் நானும் ஒருவன். ஆனால் கண்டிக்காதவர்களுள்ளும் நான் ஒருவன்.

சங்க இலக்கியம் கற்பிக்கும்போது விழுப்புண், புறப்புண் என்னும் வேறுபாட்டை மாணவர்களுக்கு விளக்குவேன். மார்பில் பட்ட புண் புகழ். முதுகில் பட்ட புண் பழி. வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், மார்பில் பாய்ந்த வேல் முதுகையும் துளைத்ததால் அதனைப் புறப்புண்ணாகக் கருதி நாணி, வடக்கிருந்து உயிர்நீத்த வரலாற்றைப் புறநானூறு நமக்குக் காட்டுகிறது. அவன் புறங்காட்டி ஓடியவன் அல்லன். ஆயினும் காண்பவர் ஐயுறுவர் என்ற எண்ணமே அவனைக் கொன்றது. வேலினும் கூரியது காண்போரின் ஐயம் என்பதைப் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். என் மருமகனின் முழங்காற்புண் விழுப்புண்ணா, புறப்புண்ணா என்று ஊர் தீர்ப்பெழுதியபோது மட்டும் அந்தப் பாடம் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

எனக்குக் கால்பந்து உலகில் இது முதல் ஐயமும் அன்று. 1998ஆம் ஆண்டு ஜூலை மாதம் பிரான்சில் நடந்த உலகக்கோப்பை இறுதியாட்டத்தை நள்ளிரவில் ஊர் நண்பர்களோடு தொலைக்காட்சியில் கண்டேன். பிரேசிலின் ரொனால்டோ அன்று பகலில் வலிப்புக் கண்டு, மாலையில் களமிறங்கித் தன் நிழலைப் போல் ஆடினார். பிரான்சு மூன்று கோல் அடித்து வென்றது. 1999 நவம்பரில் அவருடைய வலது முழங்கால் நாண் பழுதுற்றது. 2000 ஏப்ரலில் மீண்டும் களமிறங்கியவர், சில நிமிடங்களுக்குள்ளாகவே, எவரும் தொடாமல், அதே காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அடுத்த ஆட்டப்பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. 'இவர் முடிந்துபோனவர்' என்று நான் நண்பர்களிடம் அடித்துச் சொன்னேன். 2002 ஜூன் 30 அன்று யோகோகாமாவில் நடந்த இறுதியாட்டத்தில் செர்மனிக்கு எதிராகப் பிரேசில் அடித்த இரண்டு கோல்களையும் அடித்தவர் அவரே. அந்தத் தொடரில் மொத்தம் எட்டுக் கோல். அன்று மாலை நான் கைதட்டினேன். ஆனால் 'முடிந்துபோனவர்' என்று சொன்னதை எவரிடமும் திரும்பப் பெறவில்லை. தொலைவில் உள்ளவரைப் பற்றிச் சொன்ன சொல்லுக்குக் கணக்கில்லை என்று எண்ணினேன் போலும்.

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஊர் அணியைத் தேர்ந்தெடுப்பதற்காகப் பெரியவர்கள் சிலர் கூடினர். படித்தவர் என்ற முறையில் என்னையும் அழைத்திருந்தனர். மருமகனின் பெயர் வந்தது. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "உறவுக்காரன் என்பதற்காக நான் பரிந்து பேசக்கூடாது. இந்த ஆண்டு வேண்டாம் என்றே நினைக்கிறேன்" என்றேன். நடுநிலைமை என்று அதனைப் பாராட்டினார்கள். ஆனால் அது நடுநிலைமை அன்று. அவன் மீண்டும் தோற்றால் மாமன் என்ற முறையில் எனக்கு வரக்கூடிய தலைகுனிவை எண்ணியே அவ்வாறு சொன்னேன். அதோடு நில்லாமல் என் சகோதரியிடம் சென்று, "லாத்தா, ஆட்டம் போதும். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடச் சொல்லுங்கள். அவன் அத்தா இருக்கும் இடத்திலேயே ஒரு வேலை பார்க்கட்டும்" என்றேன். அவர்கள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நீ அவனை வந்து பார்த்தாயா தம்பி?" என்று மட்டும் கேட்டார்கள்.

பார்க்கவில்லை. ஏறத்தாழ எட்டு மாதங்களாக அவன் என்ன செய்கிறான் என்று நான் பார்க்கவே இல்லை. அந்த ஒரு கேள்வி என்னைத் துளைத்தது. மறுநாள் ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின், பள்ளிவாசலிலிருந்து வீட்டுக்குத் திரும்பாமல் பொட்டலை நோக்கி நடந்தேன்.

இருள் முழுதும் விலகவில்லை. அவன் தனியாக இருந்தான். தரையில் சுண்ணாம்புக் கோடு ஒன்று கிழித்திருந்தான். கோட்டின் மேல் ஒற்றைக் காலில் நின்று, முன்னோக்கித் தாவி, அதே காலில் விழுந்து, அசையாமல் நின்றான். பிறகு குனிந்து, தன் அம்மாவின் தையல் டேப்பால் கோட்டுக்கும் குதிகாலுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்தான். தனியாளாக அளப்பதால் டேப்பின் நுனி நழுவிக்கொண்டே இருந்தது. நான் சென்று நுனியைப் பிடித்தேன். அவன் வியப்படையவில்லை. "ஸலாம் மாமா" என்றான். "நல்ல காலில் நூற்று அறுபது சென்டிமீட்டர். அறுவை செய்த காலில் போன ஆண்டு போட்டி முடிந்ததும் அளந்தபோது நூற்றுப் பன்னிரண்டு. இப்போது நூற்று முப்பத்தெட்டு. நூற்று நாற்பத்து நான்கு வந்தால் தொண்ணூறு விழுக்காடு. அதற்குக் குறைந்தால் ஆடக்கூடாது என்று பயிற்சி கொடுப்பவர் சொல்லியிருக்கிறார்."

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினான். நாள்வாரியாக இரு கால்களின் அளவுகளும் எழுதப்பட்டிருந்தன. சில நாள்களில் அளவு குறைந்திருந்தது. குறைந்த நாளையும் அவன் அடிக்காமல் எழுதியிருந்தான். நூற்றுப் பன்னிரண்டை நூற்று அறுபதால் வகுத்துப் பார்த்தேன். எழுபது விழுக்காடு. எழுபது விழுக்காட்டுக் காலோடு அவனைக் களத்துக்குள் தள்ளியவர்கள் நாங்கள். அந்தக் கால் பின்வாங்கியபோது அதனை அச்சம் என்று பெயரிட்டவர்களும் நாங்கள். உடம்பு தன்னைக் காத்துக்கொண்டதைக் கோழைத்தனம் என்று படித்தோம்.

திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்னும் 51ஆவது அதிகாரத்தின் நிறைவுக் குறளுக்கு நான் எத்தனையோ முறை பொருள் சொல்லியிருக்கிறேன். ஆராயாமல் ஒருவரை நம்புவதையும், நம்பியபின் அவரை ஐயுறுவதையும் வள்ளுவர் ஒரே குறளில் வைத்து, இரண்டுமே நீங்காத் துன்பம் தருவன என்கிறார். இந்த இரு குற்றங்களும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அந்த வைகறையில்தான் அவை ஒரே வேரில் முளைத்த இரு கிளைகள் என்று தெரிந்தது. 2023இல் அளக்காமல் நம்பினோம்; 2024இல் அளக்காமல் ஐயுற்றோம். நடுவில் அளந்துகொண்டிருந்தவன் அவன் ஒருவனே. பிறரைப் பற்றிய ஊகங்களிலிருந்து விலகியிருக்குமாறு நம் மார்க்கம் போதிப்பதும் இதனையே கருதித்தான் என்று தோன்றியது.

அன்று முதல் வாரத்தில் நான்கு நாள்கள் டேப்பின் நுனியைப் பிடிப்பது என் பணியாயிற்று. தாவலுக்கும் தாவலுக்கும் இடையில் அவனுக்கு ஓய்வு வேண்டும். அந்த இடைவேளைகளில் பேசிக்கொண்டிருப்போம். அவனுக்கு நான் 1962ஆம் ஆண்டின் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின் கதையைச் சொன்னேன். இந்தியக் கால்பந்தணியின் பயிற்சியாளர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம். என்னைப் போல ஆசிரியத் தொழில் பார்த்தவர். 1951இல் தில்லியில் நடந்த முதல் ஆசியப் போட்டியில் இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்தவர்; 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம்வரை அணியை அழைத்துச் சென்றவர். ஜகார்த்தாவுக்குச் சென்றபோது அவர் உடலைப் புற்றுநோய் தின்றுகொண்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் இரண்டு கோல் வாங்கி அணி தோற்றது. அடுத்து, தாய்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் வென்றாலும், பின்களத்தின் தூணாகிய ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட நேர்ந்தது. ஜப்பானுக்கு எதிரான ஆட்டத்தில் அவர் ஆடவில்லை.

தையல் போட்ட தலையோடு ஒருவர் பின்களத்தில் நின்று உயரப் பந்துகளை முட்டித் தடுப்பது எளிதா? ரஹீம் அவரை ஒதுக்கவில்லை. பழைய இடத்திலும் நிறுத்தவில்லை. கட்டுப்போட்ட தலையோடு அவரை முன்களத்தின் நடுவில் நிறுத்தினார். அரையிறுதியில் தென்வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் கோல் அடித்தார். இந்தியா 3–2 என்று வென்றது. செப்டம்பர் 4 அன்று இறுதியாட்டம். முதல் ஆட்டத்தில் தோற்கடித்த அதே தென்கொரியா எதிரே நின்றது. இசுரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா அனுமதி மறுத்ததை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்திருந்ததால், ஒரு லட்சம் பேர் அமரக்கூடிய அந்த அரங்கம் இந்திய அணிக்கு எதிராகக் கூச்சலிட்டது. காய்ச்சலால் முந்தைய ஆட்டங்களைத் தவறவிட்ட பீட்டர் தங்கராஜ் இறுதியாட்டத்தில் கோல் காக்க வந்தார். பி.கே. பானர்ஜி ஒரு கோல் அடித்தார். ஜர்னைல் சிங் மற்றொன்று அடித்தார். 2–1 என்று இந்தியா தங்கம் வென்றது. அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் ரஹீம் காலமானார். ஆசிய விளையாட்டுகளில் கால்பந்துத் தங்கம் அதன்பின் இந்தியாவுக்குக் கிடைக்கவில்லை.

"அடிபட்டவனுக்கு வேறு இடம் கொடுத்தார், இல்லையா மாமா?" என்று கேட்டான் அவன். நான் சொல்ல நினைத்திருந்த கருத்து வேறு. மனவுறுதியின் பெருமையைச் சொல்லவே கதையைத் தொடங்கினேன். அவனோ ஆசிரியரின் கடமையை அதிலிருந்து எடுத்துவிட்டான். 'இவன் உதவமாட்டான்' என்று விலக்குவதற்கும், 'இவன் இன்று எங்கே உதவுவான்' என்று தேடுவதற்கும் இடையில் உள்ள தொலைவுதான் ரஹீம் அவர்களின் பெருமை. அத்தொலைவை நான் கடந்ததில்லை.

பதிலுக்கு அவன் எனக்கு ஒருவரைப் பற்றிச் சொன்னான். கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரை மீனவச் சிற்றூரான இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ். சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர் அணிகளில் ஆடி, 2020இல் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்ற கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியில் இடம்பெற்றவர். 2020 நவம்பர் 20 அன்று, கொரோனாக் காலத்தில் பார்வையாளர் எவரும் இல்லாத கோவா அரங்கில், புதிய பருவத்தின் முதல் ஆட்டத்தின் முதற்கால் மணி நேரத்துக்குள்ளேயே முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். அந்தப் பருவம் முழுவதையும் இழந்தார். பின்னர் மீண்டு வந்து ஒடிசா அணிக்கும் ஆடினார். "ரொனால்டோ மாதிரி உலகக்கோப்பை எல்லாம் இல்லை மாமா. ஆனாலும் திரும்பி வந்து ஆடினார். எனக்கு அது போதும்" என்றான். அவன் நோட்டுப் புத்தகத்தின் உள்ளட்டையில் அவருடைய படம் ஒட்டப்பட்டிருந்ததை அப்போதுதான் கண்டேன். மீட்சி என்றால் கோப்பையோடு முடியும் கதை என்றே நினைத்திருந்த எனக்கு, திரும்பி வருதலே முழுமையான செயல் என்பதை அந்தப் படம் உணர்த்தியது.

ஏப்ரல் மாதத்தின் ஒரு காலையில் டேப்பு நூற்று நாற்பத்தெட்டைக் காட்டியது. தொண்ணூற்றிரண்டரை விழுக்காடு. மூன்று முறை அளந்தோம். பிறகு நான் அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அணிப் பொறுப்பாளர்களிடம் சென்றேன். "அன்று நான் சொன்னது தவறு. பார்க்காமல் சொன்னேன். பார்த்துவிட்டு இப்போது சொல்கிறேன்" என்று கூறி நோட்டை விரித்தேன். சிலர் நகைத்தனர். ஒருவர் மட்டும் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்து, "மாற்று ஆட்டக்காரனாகச் சேர்ப்போம்" என்றார். அவ்வளவே கிடைத்தது. அவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

மே மாதம், பக்கத்து ஊரில் அரையிறுதி. எங்கள் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. கடைசி இருபது நிமிடங்கள் இருக்கையில் அவனை அழைத்தார்கள். அவன் கோட்டின் அருகில் வந்து நின்றதுமே கூட்டத்திலிருந்து பழைய குரல் எழுந்தது. அது எங்கள் ஊர்க்குரலே. முதற்பந்து அவன் காலில் பட்டு எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடிவிட்டது. சிரிப்பு எழுந்தது. நான் கீழே பார்த்துக்கொண்டேன்.

சிறிது நேரத்தில் நடுக்களத்தில் உரிமையற்ற பந்து ஒன்று உருண்டது. எதிரணியின் உரம் வாய்ந்த ஆட்டக்காரர் ஒருவர் அதனை நோக்கிப் பாய்ந்தார். அவனும் பாய்ந்தான். எந்தக் காலை நீட்டுவான் என்பதே என் கேள்வி. அறுவை செய்த அதே காலை நீட்டினான். இருவரும் மோதி விழுந்தனர். மைதானம் அமைதியாயிற்று. என் பக்கத்தில் இருந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்; அவர் யாரென்றுகூட எனக்குத் தெரியாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவன் விழுந்த காட்சி என் கண்முன் வந்தது. அவன் எழுந்தான். முழங்காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பந்து எங்கே என்று தேடி ஓடினான். பின்னர் ஒருமுறை வலப்பக்கமாகத் திரும்பி ஒருவரைத் தாண்டி, முன்கள ஆட்டக்காரருக்குப் பந்தை அளந்து கொடுத்தான். அவர் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது.

நாங்கள் தோற்றோம். அவன் கோல் அடிக்கவில்லை. எவரும் அவனைத் தோளில் தூக்கவில்லை. திரும்பும் வழியில் தேநீர்க் கடையில், முன்பு நடந்து காட்டிச் சிரிக்கவைத்தவர், "பையன் ஆடுகிறான்" என்று மட்டும் சொன்னார். சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுவதற்கு ஊர் அறிந்த வழி அது ஒன்றே போலும்.

அன்றிரவு அவனிடம் சொன்னேன்: "அணித்தேர்வின்போது உன்னை வேண்டாம் என்றவன் நான்தான்." அவன், "தெரியும் மாமா. அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்" என்றான். அது தெரிந்தும் அந்த வைகறையில் அவன் எனக்கு ஸலாம் சொன்னான். அது தெரிந்தும் டேப்பின் நுனியை என் கையில் கொடுத்தான். நான் மேலும் ஏதோ சொல்ல முயன்றேன். அவன், "நாளைக்கு ஓய்வு. மறுநாள் காலையில் வருவீர்கள்தானே? இன்னும் பன்னிரண்டு சென்டிமீட்டர் பாக்கி இருக்கிறது" என்றான்.

கால்பந்தைப் பற்றித் தமிழ்த்துறை மலரில் எழுதலாமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நம் வகுப்பறைகளிலும் முழங்கால் அறுந்தவர்கள் இருக்கிறார்கள். முதற்பருவத்தில் நான்கு தாள்களில் தவறியவர், குடும்பச் சுமையால் ஓராண்டு படிப்பை நிறுத்தித் திரும்பியவர், மேடையில் ஒருமுறை நாக்குழறி அதன்பின் வாய்திறவாதவர். 'இவர் தேறமாட்டார்' என்று ஆசிரியர் அறையில் நாம் சொல்லும் சொல் சுவரைத் தாண்டிச் செல்வதில்லை என்று எண்ணுகிறோம். அது அவர்களுக்கு அன்றைக்கே தெரிந்துவிடுகிறது. தெரிந்தும் மறுநாள் காலையில் வந்து நமக்கு வணக்கமும் ஸலாமும் சொல்கிறார்கள்.

இந்த ஆண்டு என் மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. தவறிய மாணவர்களின் பெயர்களும், வாரந்தோறும் அவர்கள் எழுதிக் காட்டும் பயிற்சிகளின் மதிப்பெண்களும் அதில் உள்ளன. குறைந்த வாரத்தையும் அடிக்காமல் எழுதுகிறேன். டேப்பின் மறுநுனியைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்பதை என் மருமகன் எனக்குக் கற்பித்திருக்கிறான். எல்லாம் வல்ல இறைவன் அந்த நுனி நழுவாமல் பிடிக்கும் கையை எனக்குத் தருவானாக.